பட்டறையும் ஒரு சோதனைச்சாலையே!

சோதனைச்சாலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? கண்ணாடிக் குடுவைகள், ஸ்பிரிட் விளக்கு, நுண்ணோக்கி, வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானி. எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையும், கையில் ஸ்பானரும், திறந்து கிடக்கும் கார் பானெட்டும் ஒருபோதும் தோன்றுவதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு வடக்கே உள்ள ஊர் தொப்பம்பட்டி. ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வேளாண்மையை நம்பி வாழும் பூமி. இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போகும் சாலைகளில் தகரக் கூரை போட்ட மோட்டார் ஒர்க்ஷாப்புகளைக் காணலாம். பள்ளிக்குப் போகும் மாணவர்கள் அவற்றைத் தினமும் கடந்து செல்கிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது வெறும் கைவேலை என்றும், படிப்பு வராதவர்கள் போய்ச் சேரும் இடம் அது என்றும் ஓர் எண்ணம் நம் சமூகத்தில் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் தவறானது. தவறானது மட்டுமல்ல, நமக்கு நஷ்டம் விளைவிப்பது என்றே நான் கருதுகிறேன். ஒரு எஞ்சினின் கோளாறைக் கண்டுபிடிப்பது விஞ்ஞான முறையின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அது நம் பள்ளிகளில் இடம்பெற வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்கள் எல்லா மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

கேள்விகளில் தொடங்கும் சோதனை

நான்கு சிலிண்டர் உள்ள பெட்ரோல் கார் ஒன்று பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி உதறுகிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது. நல்ல மெக்கானிக் உடனே ஸ்பானரைத் தூக்க மாட்டார். முதலில் கேட்பார்:

"எப்ப இருந்துங்கண்ணா இப்படி உதறுது?"

"நாலு நாளா இருக்குது தம்பி."

"காலையில ஸ்டார்ட் பண்ணும்போதேவா, இல்ல எஞ்சின் சூடானப்புறமா?"

"எப்பவும்தான். மேட்டுல ஏறும்போது இன்னும் ஜாஸ்தி."

"கடைசியா வேற யாராச்சும் கை வெச்சாங்களா? மழைத் தண்ணிக்குள்ள ஓட்டுனீங்களா?"

இவை பொழுதுபோக்குக் கேள்விகள் அல்ல. ஒவ்வொரு கேள்வியும் சந்தேகங்களின் பட்டியலிலிருந்து சிலவற்றை அடித்துவிடுகிறது. குளிர்ந்த நிலையில் மட்டும் வரும் கோளாறுக்குச் சில காரணங்கள் உண்டு. சூடானபின் வருவதற்கு வேறு சில. மழைக்குப் பின் வந்தால் மின்சாரப் பகுதிமேல் சந்தேகம் கூடும். டாக்டர் நோயாளியிடம் விசாரிப்பதும் இதே முறையில்தான். திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் 948ஆம் குறளில் மருத்துவருக்கு விதித்த வரிசையும் இதுதான்: முதலில் நோய், பிறகு அதன் காரணம், அதற்குப் பிறகே சிகிச்சை.

இனி சிந்தனை. ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்ய நான்கு நிபந்தனைகள் வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். எடைப்படி ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. அந்தக் கலவை நன்றாக அமுக்கப்பட வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் வலுவான தீப்பொறி எழ வேண்டும். இவையெல்லாம் உரிய நேரத்தில் நடக்க வேண்டும். நான்கில் எது தவறினாலும் அந்தச் சிலிண்டர் 'மிஸ்' அடிக்கும்.

உரிய நேரம் என்றால் எவ்வளவு நுட்பமான நேரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டரில் பொறி எழும். ஆகவே ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு 1500 பொறி. அதாவது விநாடிக்கு 25. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 100 பொறிகள்! இவற்றுள் எது தவறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

முதல் சோதனை, நோயுள்ள சிலிண்டர் எது என்று அறிவது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கிறார்கள். பழைய கார்களில் பிளக் வயரைக் கழற்றுவார்கள். இன்றைய கார்களில் இன்ஜெக்டருக்குப் போகும் மின்இணைப்பைக் கழற்றுவது நல்லது. இல்லாவிட்டால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் தள்ளாடும். எந்தச் சிலிண்டரை நிறுத்தியும் எஞ்சினின் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் சிலிண்டர். அது மூன்றாவது என்று கொள்வோம்.

இரண்டாவது சோதனை இன்னும் அழகானது. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதற்கு மாற்றி, இரண்டாவதன் காயிலை மூன்றாவதில் மாட்டுகிறார். வேறு எதையும் தொடுவதில்லை. கோளாறும் இடம் மாறி இரண்டாவது சிலிண்டருக்குப் போய்விட்டால், குற்றவாளி காயில்தான். கோளாறு மூன்றாவதிலேயே இருந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல மாற்றிப் பார்க்கலாம். காயிலையும் பிளக்கையும் ஒன்றாக மாற்றிவிட்டால் வண்டி சரியாகலாம். ஆனால் கெட்டது எது என்று ஒருநாளும் தெரியாது. மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று பௌதிக ஆசிரியர் சோதனைச்சாலையில் சொல்லும் விதி இதுதான். ஓம் விதிச் சோதனையில் கடத்தியை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றிப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதே விதி.

காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் சரியென்றால், மூன்றாவது சோதனை அமுக்கத்தை அளப்பது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுழற்றுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சினில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் காட்டும். மூன்றாவது சிலிண்டர் மட்டும் மிகக் குறைவாகக் காட்டுகிறது. காற்று எங்கே ஒழுகுகிறது? பிஸ்டன் வளையம் வழியாகவா, வால்வு வழியாகவா?

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைப் பிளக் துளை வழியே ஊற்றி மறுபடியும் அளக்கிறார்கள். ஆயில் பிஸ்டன்மேல் பரவி, வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கிறது. இப்போது அழுத்தம் உயர்ந்தால் வளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் குறைந்திருந்தால், நடுவிலுள்ள கேஸ்கெட்மேல் சந்தேகம் வலுக்கும். ஒரு கரண்டி ஆயில் எவ்வளவு செலவை மிச்சப்படுத்துகிறது, பாருங்கள்! செலவு குறைந்த, விடை தெளிவான சோதனையை வடிவமைப்பது எந்த விஞ்ஞானிக்கும் பெருமை தரும் செயல்.

காதும் கண்ணும்

அனுபவமுள்ள மெக்கானிக் காதாலேயே கோளாறைச் சொல்வதை நாம் மாயவித்தைபோல் பார்க்கிறோம். அதில் மாயமில்லை. கேம் தண்டு, கிராங்க் தண்டு சுழலும் வேகத்தில் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆகவே வால்வுப் பகுதியில் எழும் 'டிக் டிக்' ஓசை, கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கேட்கும். கனெக்டிங் ராடு தளர்ந்து எழும் கனத்த ஓசையோ சுற்றுக்கு ஒரு முறை கேட்கும். ஓசையின் தாளத்தைப் பிரித்தறிந்தால் அது எஞ்சினின் மேல்பகுதியிலிருந்து வருகிறதா, கீழ்ப்பகுதியிலிருந்தா என்று தெரிந்துவிடும். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பதும் இதற்காகவே. எஃகில் ஒலி, காற்றில் செல்வதைவிடப் பத்து மடங்குக்கும் அதிக வேகத்தில் செல்கிறது. வழியில் அதிகம் சிதறாமல் காதுக்கு வந்து சேர்கிறது. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் காகிதத்தை உருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. பட்டறை ஸ்குரூ டிரைவர் அதன் உறவினர்.

புகையும் பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் போகிறது. சூடானபின்னும் விடாமல் வெண்புகை வந்தால் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது. ஆனால் குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வரும் வெண்புகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராவி உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் அது மேகமாகத் தெரிகிறது. ரசாயனப் பாடம் தெரிந்தவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

கருவி சாட்சி; நீதிபதி அல்ல

"இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே! ஸ்கேனரை மாட்டினால் அதுவே கோளாறைச் சொல்லிவிடும்" என்று சிலர் சொல்லக்கூடும்.

இன்றைய கார்களில் எஞ்சினைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் உண்டு என்பது உண்மை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுக் கார்கள் முதல் இதற்கு ஒரே மாதிரியான 16 முனைச் சாக்கெட் கட்டாயமாயிற்று. இந்தியாவில் இம்முறை 2010க்குப் பிறகு படிப்படியாக வந்தது. ஸ்கேனரைச் செருகினால் 'பி0303' போன்ற குறியீடு திரையில் தோன்றும். அதன் பொருள் என்ன? மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பதே. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா, வளையமா, அறுந்த வயரா என்று அது சொல்வதில்லை. அதை மேலே கண்ட சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறியீடு 'பி0171'. கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் தந்த தகவலைக் கொண்டு கம்ப்யூட்டர் இதை எழுதுகிறது. குறியீட்டைப் பார்த்ததும் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. புதிய சென்சாரும் அதையே சொல்லும்! ஏனெனில் எங்கோ வெடித்த ரப்பர் குழாய் வழியே கூடுதல் காற்று நுழைந்துகொண்டிருக்கலாம். பெட்ரோல் பம்பு பலவீனமாக இருக்கலாம். வேறொரு வேடிக்கையும் உண்டு. ஒரு சிலிண்டரில் பொறி எழாவிட்டால், எரிய வேண்டிய ஆக்ஸிஜன் எரியாமல் வெளியேறுகிறது. சென்சார் அந்த ஆக்ஸிஜனைக் கண்டு 'பெட்ரோல் குறைவு' என்று தெரிவிக்கிறது. சாட்சி பொய் சொல்லவில்லை; நாம்தான் தவறாகப் புரிந்துகொள்கிறோம். சாட்சியை மாற்றினால் வழக்கு தீராது.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதக் காது எட்டாத விவரங்களை அது தருகிறது. ஆனால் ஏன் என்று கேட்கத் தெரியாதவர் கையில் ஸ்கேனர் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றும் வழக்கம்தான் வளரும். அந்தச் செலவு வண்டிக்காரரின் தலையில் விழும். விளைச்சலுக்கு விலை கிடைக்குமா என்று கவலைப்படும் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

ஓர் ஓசை தந்த பாடம்

பட்டறைக் கேள்வி விஞ்ஞானக் கேள்வியாக வளர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங், 1912 காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வரக் காரணமானவர். அக்கால எஞ்சின்களில் 'டொக் டொக்' என்ற இடி ஓசை கேட்டது. அவர் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பழி வந்தது. அவரும் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் ஆராய்ந்தனர். காரணம் எரிபொருளில் இருந்தது.

சிவப்பு நிறம் வெப்பத்தை நன்கு ஈர்க்கும், எனவே எரிபொருளுக்குச் சிவப்பு நிறமூட்டினால் ஓசை நிற்கும் என்று ஒரு கருதுகோள். கையில் கிடைத்த அயோடினைக் கலந்தனர். ஓசை குறைந்தது! கருதுகோள் வென்றது என்று அத்துடன் நிறுத்தவில்லை. வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தனர், பலனில்லை. ஆகவே நிறம் காரணமல்ல, அயோடினின் ரசாயனத் தன்மையே காரணம் என்று தெரிந்தது. அந்த வழியில் சென்று 1921இல் ஈயம் கலந்த சேர்மம் ஒன்றைக் கண்டனர். அது ஓசையை நிறுத்தியது. ஆனால் புகையுடன் வெளிவந்த ஈயம் உலகெங்கும் காற்றை நஞ்சாக்கியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல் நிறுத்தப்பட்டது. 2021இல்தான் கார்களுக்கு அது உலகில் எங்குமே இல்லாமல் போயிற்று. காரணத்தைச் சரியாகக் கண்டால் மட்டும் போதாது, மருந்தும் பிறரைக் கெடுக்காததாக இருக்க வேண்டும் என்பது இதிலுள்ள இரண்டாவது பாடம்.

பூட்டி வைத்த அறிவு

மெக்கானிக்கிடம் திறமை இருந்தால் மட்டும் போதுமா? இந்த எஞ்சினுக்கு எத்தனை அழுத்தம் இருக்க வேண்டும், இந்த வயரில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற விவரம் அவருக்குக் கிடைக்க வேண்டும். சரியான அளவு தெரியாதவர் தவறான அளவை எப்படி அடையாளம் காண்பார்?

2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. 14 கார் நிறுவனங்கள், அசல் உதிரிப் பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தன என்று கூறி, மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்மீது மேல்முறையீடுகள் எழுந்தன. அபராதம் பற்றிய சட்டப் போராட்டம் நீண்டது. எனினும் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலேயே மக்கள் வாக்களித்து, காரைப் பழுதுபார்க்கும் உரிமையை ஆதரித்தனர். 2022 ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அதில் அடங்கும்.

நிறுவனங்கள் சொல்லும் வாதத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. பயிற்சியில்லாதவர் கை வைத்தால் பிரேக், ஏர்பேக் போன்ற உயிர்காக்கும் பகுதிகள் கெடலாம். ஆனால் இதற்குப் பரிகாரம், விவரத்தைப் பூட்டி வைப்பது ஆகாது, பயிற்சியைப் பரவலாக்குவதுதான். பூட்டினால் சிற்றூர் மெக்கானிக் வேலையை நிறுத்திவிட மாட்டார், குத்துமதிப்பாகச் செய்வார். அதுதான் உண்மையான ஆபத்து.

பழனிக்கு ஓடிய பஸ்

தொப்பம்பட்டிக்குப் பக்கத்திலிருந்தே ஒரு சான்று தருகிறேன். கோவை மாவட்டம் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பை முழுதாக முடிக்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்து, மறுபடியும் பூட்டினார். அவர் 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான். அவர் பங்குகொண்ட முயற்சியில் 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் கோவையில் உருவாயிற்று. பிரித்துப் பார்த்த கை, பிறகு புதிதாக ஆக்கும் கையாயிற்று.

இதைச் சொல்வது பள்ளியை விட்டு ஓடுவதற்காக அல்ல. நாயுடுவைப் போன்றவர் ஒருவர். பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போய்க் காலமெல்லாம் 'பையன்' ஆகவே இருந்துவிட்டவர்கள் ஏராளம். 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டறையில் கூலி வேலைக்கு வைப்பதை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்கிறது. அது சரியான சட்டமே. பட்டறையிலுள்ள பையனுக்குச் செய்யத் தெரியும். ஏன் என்று சொல்லித்தர ஆளில்லை. பள்ளியிலுள்ள மாணவனுக்கு நான்கு வீச்சு எஞ்சின் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கத் தெரியும். உண்மையான பிளக்கைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பொறி வரும் என்று திகைப்பான். அரை அறிவு இங்கும் அங்குமாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்ப்பது நம் கடமை.

என்ன செய்யலாம்?

ஓடாத பழைய எஞ்சின் ஒன்று ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் இருக்கட்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர் மெக்கானிக்கைப் பள்ளிக்கு அழைத்து, ஒரு கோளாறை எப்படிக் கண்டுபிடித்தார் என்று மாணவர் முன் விளக்கச் சொல்லலாம். ஆசிரியர் அருகிலிருந்து, அதிலுள்ள பௌதிகத்தையும் ரசாயனத்தையும் எடுத்துச் சொல்லட்டும். மெக்கானிக்கும் புதிதாகச் சில விஷயங்களை அறிவார். மாணவர்கள் அவரை மதிக்கக் கற்பார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேரும் மாணவரை, 'வேறு வழியில்லாமல் போனவர்' என்று பேசும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

"மின்சாரக் கார் வரும் காலத்தில் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி எதற்கு?" என்று கேட்கலாம். மின்சாரக் காரில் பிளக் இல்லை, வால்வு இல்லை, உண்மைதான். ஆனால் கோளாறு இல்லாத இயந்திரம் எதுவும் இல்லை. அறிகுறியைக் கவனிப்பது, காரணங்களைப் பட்டியலிடுவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, அளந்து பார்ப்பது, முடிவை மறுபடியும் சோதிப்பது ஆகிய ஐந்தும் பேட்டரிக்கும் பொருந்தும். கிணற்று மோட்டாருக்கும் பொருந்தும்.

மாணவ நண்பர்களே! இதைத் தொடங்க உங்களுக்குக் கார் தேவையில்லை. வீட்டில் எரியாத டார்ச் லைட் ஒன்று இருக்கும். பேட்டரியா, பல்பா, சுவிட்சா, துருப்பிடித்த ஸ்பிரிங்கா? எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றாகச் சோதித்து, கண்டதை நோட்டில் எழுதுங்கள். காரணத்தைக் கண்டபின், அது உண்மைதானா என்று கெட்ட பாகத்தை மறுபடியும் மாட்டிப் பாருங்கள். விளக்கு மீண்டும் அணைந்தால் உங்கள் முடிவு சரி. வீட்டு மின்சாரத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

அந்த நோட்டின் முதல் பக்கம் நிறைந்த பிறகு, உங்கள் ஊர்ப் பட்டறை அண்ணனிடம் காட்டுங்கள். அவர் அதைப் படித்துவிட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் அது நீங்கள் செய்ய மறந்த சோதனையைப் பற்றியதாகவே இருக்கும்.